வெள்ளிக்கிழமை கேட்ட சத்தம்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
6.8.1973

அன்புள்ள அத்தானுக்கு,

ஆக்னஸ் எழுதுவது. இது ஹாம்பர்க் ஏஜெண்ட் கைக்குப் போகும்போது உங்கள் கப்பல் அங்கே நிற்குமா, கிளம்பியிருக்குமா தெரியவில்லை. எங்கே இருந்தாலும் மாதா உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். மாமிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நேற்று மாதா கோயில் திருநாள் நல்லபடியாக முடிந்தது. சப்பரத்தைப் பார்க்க மாமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் வாசலில் உட்காரவைத்தோம்.

நம் பிள்ளை சௌந்தரி இப்போது என்னென்ன பேசுகிறாள் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்று பள்ளிக்கூடம் அரை நாள்தான். சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று ஒரு பெரிய சத்தம். ஜன்னல் கதவு அதிர்ந்தது, அலமாரியிலிருந்து ஒரு தம்ளர் விழுந்து உருண்டது. மாமி சிலுவை போட்டுக்கொண்டு, “திருநாள் வேட்டு இந்த வருசம் என்ன இந்தப் போடு போடுது” என்றார்கள். தெருவில் எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். சிலர் புதுத் துறைமுகத்தில் பாறை உடைக்கிறார்கள் என்றார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் செபாஸ்டின் அண்ணாச்சியிடம் மறுநாள் விசாரித்தேன். “எங்களுக்கு வெள்ளிக்கிழமை வெடி வேலையே கிடையாது டீச்சர். கோயில்ல போட்டதுன்னுல்லா நாங்க நினைச்சோம்” என்றார். கோயிலிலும் அந்த நேரத்தில் வேட்டுப் போடவில்லையாம்.

என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தவன் பக்கத்து வீட்டுத் தம்பி சிலுவை ஒருவன்தான். அன்று அவன் வள்ளத்தில் கடலில் நின்றிருக்கிறான். “டீச்சரக்கா, மேகமே இல்லாத வானம். பட்டப்பகல்ல வெள்ளையா ஒரு கீறல். கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள கிழக்க போயி அணைஞ்சிட்டு. நான் நாலஞ்சு பாகம் வலையை இழுத்த பெறவுதான் சத்தமே வந்துச்சு” என்றான். கரையில் யாரும் அவனை நம்பவில்லை. “ஏலே, திருநாளுக்கு முன்னாலயே ஊத்த ஆரம்பிச்சிட்டியோ” என்று சிரித்திருக்கிறார்கள். வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு என்று அவன் சொன்ன வரிசை எனக்குப் போதுமானதாக இருந்தது. அது எரிகல். எங்கோ ஆழத்தில் விழுந்திருக்கும். சனிக்கிழமைப் பேப்பரிலும் தேடினேன், நேற்றைய பேப்பரிலும் தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்தபோது எங்கள் பேராசிரியை சொல்வார்கள், வருஷம் முழுக்கக் கற்கள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன, பெரும்பாலும் கடலிலும் ஆளில்லாத இடத்திலும் விழுவதால் ஒருவருக்கும் தெரிவதில்லை என்று. சுக்கான் பிடித்து நிற்கும்போது எத்தனையோ பார்த்ததாகவும், ஒன்றைக்கூட யாரும் கப்பலின் லாக் புத்தகத்தில் எழுதுவதில்லை என்றும் நீங்களும் ஒருமுறை சொன்னீர்கள். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அத்தான், சத்தம் கேட்டதும் நான் முற்றத்துக்கு ஓடினேன். பிள்ளை பயந்து அழுவாள் என்று ஓடினேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குச் சிப்பிகளை மாற்றிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பிக் கத்தின. அடுத்த வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவள் தலை திரும்பவில்லை. சிப்பியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மறுபடி சிப்பியை எடுத்துக்கொண்டாள்.

அவள் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வெண்கலத் தட்டைக் கரண்டியால் அடித்தேன். மாமி வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, “ஏளா, உனக்கென்ன பைத்தியமா” என்றார்கள். பிறகு திரும்பாமலே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தார்கள்.

மே மாதம், அவள் ‘அப்பா’ என்று சொன்னதாக எழுதினேன். அது பொய். உங்கள் போட்டோவைக் காட்டினேன், உதட்டை அசைத்தாள், அவ்வளவுதான். பதினாறு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. கடலில் இருப்பவருக்கு ஒரு சந்தோஷம் கிடைக்கட்டும் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு நானே அதை நம்பவும் ஆரம்பித்தேன். நீங்களும் மூன்று வயதுவரை வாய் திறக்கவில்லை என்று மாமி சொல்வார்கள். அதையும் பிடித்துக்கொண்டேன்.

நவம்பரில் நீங்கள் புறப்படும்போது அவளுக்குக் கேட்டது. தெருமுனையில் நீங்கள் விசில் அடித்தால் தவழ்ந்து வாசலுக்கு வருவாளே. ஜனவரியில் எட்டு நாள் காய்ச்சல் கண்டது நினைவிருக்கும், எழுதியிருந்தேன். அதில் இரண்டு நாள் நான் பரீட்சை மேற்பார்வைக்குப் போயிருந்தேன். அந்த எட்டு நாளில் எந்த நாள், எந்த மணி என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில்தான் இருந்தோம், நானும் மாமியும். ஏழு மாதமாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறோம்.

சனிக்கிழமை டாக்டரிடம் கொண்டுபோனேன். காய்ச்சலில் இப்படி ஆவதுண்டு என்றார். கேட்கும் சக்தி கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியுமாம். சீட்டு எழுதித் தந்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை போகிறேன். துணைக்குச் சிலுவை வருகிறான்.

“தண்ணியில கிடக்கிறவனுக்கு இத எழுதாத, அவன் வந்த பெறவு பாத்துக்கிடலாம்” என்று மாமி இன்று காலையில்கூடச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மே மாதத்துப் பொய்க்கு மேல் இன்னொன்றை என்னால் வைக்க முடியாது. என்மேல் கோபம் இருந்தால் அப்படியே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வேலை நேரத்தில் இதை நினைத்துக்கொண்டு நிற்காதீர்கள். மதுரையிலிருந்து வந்ததும் அவர்கள் சொன்னதை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் வரும்போது தெருமுனையில் விசில் அடிக்க வேண்டாம். அவள் வரவில்லையே என்று நீங்கள் அங்கே நிற்பதை என்னால் பார்க்க முடியாது. நேரே உள்ளே வாருங்கள். அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ, அந்தத் தரையில் உள்ளங்கையால் ஒருமுறை தட்டுங்கள். இந்த மூன்று நாளாக நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கிறாள், அத்தான். சிரிக்கிறாள்.

மாதா உங்களைக் கரை சேர்க்கட்டும்.

தங்கள்
ஆக்னஸ்