நடவுக்காரியின் நெற்றி

அண்ணாத்தே,

சூடான இரும்பில் சந்தனம் காயும்போது ஒரு வாசனை வருமே, ஞாபகம் இருக்கிறதா? கோயிலில் அது வராது, வீட்டுப் பூஜையறையிலும் வராது. ஓடி நின்ற எந்திரத்தின் சூட்டில், எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்துதான் வரும். இன்று காலை இங்கே பட்டாபிராமில் என் எதிர்வீட்டுக்காரர் பொரியும் வாழைக்கன்றும் வாங்கி வந்த கையோடு தன் ஸ்கூட்டருக்குச் சந்தனம் பூசினார். ஜன்னல் வழியே அந்த வாசனை உள்ளே வந்ததும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். நீங்கள் இல்லாத முதல் ஆயுத பூஜை இது.

எழுதிக்கொண்டிருந்தது ஒரு படிவம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல். பங்குனியில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த மனுஷனுக்கு இவள் கடிதம் எழுதுகிறாளே, புத்தி கெட்டுவிட்டதா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். கியூபா ஓவியங்களைப் பற்றிப் பேச எனக்கு அம்பத்தூரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நம் லேத் ஷெட்டுக்கு வரைபடம் போட நான் வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸில் இருந்தோம், என் பேச்சில் சொந்த ஊர் கோவில்பட்டியின் வாடை போகவில்லை. முதல் நாள் உங்களை "அண்ணே" என்று கூப்பிட்டேன். ஷெட்டே சிரித்தது. "இங்க எல்லாருக்கும் நான் அண்ணாத்தேதாம்மா, நீயும் அப்டியே கூப்டு" என்றீர்கள். என்னை விட ஐந்து வயது மூத்த வெல்டர் நீங்கள். எனக்கு டிராயிங்கம்மா என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். அது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கியூபா நம் ஷெட்டுக்குள் வந்தது என் சாப்பாட்டுப் பையில். அப்பாவின் தொழிற்சாலைப் படிப்பறையில் பழைய பத்திரிகைகளைக் கழித்துக் கட்டினார்கள். அதிலிருந்து வழவழப்பான தாளில் அச்சான ஒன்றை எடுத்து வந்தார். அந்தத் தீவின் ஓவியங்களும் சிலைகளும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. மதியச் சாப்பாட்டின்போது டிபன் பாக்ஸுக்கு அடியில் அதை விரித்தேன். நீங்கள் மோர்மிளகாயைக் கடித்தபடி எட்டிப் பார்த்தீர்கள்.

"இன்னாம்மா இது? கரும்புக் கொல்லையில ஆளுங்க மொளைச்சிகினு கீறாங்க?"

அதுதான் அந்தப் படம். கரும்புக்கும் மனிதர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. கணுக்கணுவாகக் கால்கள், பிறை போல முகம், ஒருத்திக்குக் குதிரையின் மூஞ்சி, தலையில் சின்னக் கொம்பு. வரைந்தவர் ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்து, அங்கே கனவுகளை வரைகிற கூட்டத்தோடு பழகி, போர் வந்ததும் ஊர் திரும்பியவர் என்று பத்திரிகையில் இருந்தது. அவர் பெயரை நாம் இருவருமே கடைசிவரை சரியாக உச்சரிக்கவில்லை.

நான் படித்ததை வைத்து உங்களுக்கு வகுப்பெடுக்கப் பார்த்தேன். இதற்கு சர்ரியலிசம் என்று பெயர், அடிமனத்துக் கனவு அப்படியே துணிக்கு வருவது என்றேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

"கனாவுன்னா முழிச்சா போய்டணும்மா. எங்கம்மா மேல ஆடி மாசம் மாரியாத்தா வருவா. தலைய விரிச்சிகினு ஆடும்போது குரலே வேற. அரை மணி நேரம் கழிச்சி எழுந்து சோறாக்கும். அது கனாவா, நெசமா?"

பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு பக்கம் தள்ளி அந்தப் பத்திரிகையிலேயே பதில் இருந்தது. அந்தத் தீவில் அதிசயத்தைக் கனவிலிருந்து எடுத்து வர வேண்டியதில்லை, அது தெருவிலேயே இருக்கிறது, அன்றாடத்தோடு சேர்ந்து புழங்குகிறது, அதைத்தான் மாய யதார்த்தம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, நீங்கள் தலையை ஆட்டி, "அத்ததான நானும் சொன்னேன்" என்றீர்கள். அன்று எனக்கு எரிச்சலாக வந்தது. படித்தவள் நான், முதலில் சொன்னது நீங்கள்.

கடைசிப் பக்கத்தில் சர்க்கரை ஆலையின் பழைய பல்சக்கரங்களை ஒட்டிச் செய்த ஒரு சிலை. அதைப் பார்த்த பிறகு உங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு வாரமாகக் கழிவு இரும்பைப் பொறுக்கிச் சேர்த்தீர்கள். முதலாளி கண்டும் காணாததும் போல இருந்தார். "இன்னா பண்ணப் போறீங்க?" என்று உங்களைப் போலவே பேசிக் கேட்டேன். "எங்கம்மாவ" என்றீர்கள்.

நம் ஷெட் நின்ற இடம் முன்பு வயல். உங்கள் அம்மா அதில் கூலிக்கு நாற்று நட்டவர். எஸ்டேட் வந்தது, வயல் போனது, மகன் அதே மண்ணின் மேல் வெல்டிங் கம்பி பிடித்தான். நீங்கள் இதைச் சோகமாகச் சொன்னதே இல்லை. "மண்ணு அதேதான், மேல சிமெண்ட் போட்டுட்டான்" என்பீர்கள், அவ்வளவுதான்.

நான் அளவெடுத்து முன்தோற்றம், பக்கத்தோற்றம் எல்லாம் வரைந்து கொடுத்தேன். நீங்கள் அந்தத் தாளைத் தரையில் விரித்து அதன் மேல் உட்கார்ந்து வேலை செய்தீர்கள். அதற்கு மட்டும்தான் அது பயன்பட்டது. கரும்பைப் போலக் கணுவிட்ட குழாய்க் கால்கள், லாரியின் வில்பட்டையில் வளைந்த முதுகு, நான்கு கைகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் நாற்றை ஊன்றுவது போல. லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள்தான் தலைமுடி. முகத்துக்கு ஒரு பழைய மண்வெட்டித் தகடு. கண்ணோ மூக்கோ இல்லை, அகலமான நெற்றி மட்டும். குனிந்து நின்றாலும் நம் இருவரையும் விட உயரம். நான் நாலு நாள் உங்களோடு பேசவில்லை. என் அளவு ஒன்றுகூட அதில் இல்லை என்ற கோபம். ஐந்தாம் நாள் அதைச் சுற்றி வந்து பார்த்தபோது, அளவு இல்லாததால்தான் அது நிற்கிறது என்று தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நகரத்தில் ஒரு கலைச் சங்கம் கியூபா ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை வைத்துக் கண்காட்சி நடத்துவதாகச் செய்தி வந்தது. அவற்றைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் செய்தவற்றையும் பக்கத்தில் வைப்பார்களாம். நான்தான் புகைப்படம் எடுக்க ஆள் பிடித்தேன், நான்தான் "நடவுக்காரி" என்று பெயர் போட்டுப் படிவம் நிரப்பினேன். எந்தப் பொருளால் ஆனது என்ற இடத்தில் "இரும்பு" என்று எழுதினேன். தேர்வானதாகக் கடிதம் வந்தது. உங்கள் பெயருக்கு முன்னால் சிற்பி என்று இருந்தது. மூன்று தடவை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். "வெல்டர்னு போடல பாரு" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதனால்தான் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தேன் என்று இப்போது சொன்னால் சாக்குப்போக்காகத் தோன்றும். ஆனால் அதுதான் உண்மை.

விஜயதசமியன்று லாரி வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் ஆயுத பூஜை. இரும்பு என்று ஷெட்டுக்குள் இருந்தால் பொட்டு வைக்காமல் விடக்கூடாது என்பது நம் ஆட்களின் வழக்கம். லேத், டிரில்லிங் மெஷின், ரம்பம், சுத்தியல், என் காம்பஸ் பெட்டி வரைக்கும் வைப்பார்கள். நீங்கள் லாரிக்காரரைப் பார்க்கப் போயிருந்தீர்கள். நான் வந்த ரயில் தாமதம். நாம் இருவரும் ஷெட்டுக்குள் நுழைந்தபோது மூலையில் நடவுக்காரி மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்துவிட்டிருந்தார்கள். அவளைக் கழுவி, மூன்று விரலால் சந்தனம் பூசி, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது.

முன்னால் நின்றது கன்னியம்மா. ஷெட்டைக் கூட்டுகிறவர், சின்ன வயதில் உங்கள் அம்மாவோடு அதே வயலில் நடவுக்கு இறங்கியவர். அது என்ன சிலை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"நம்ப பொம்பளதான்" என்றார் கன்னியம்மா. "குனிஞ்சிகினு கீறா பாரு. இடுப்பு நோவு இன்னான்னு அவளுக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது மெஷினும் இல்லை, சாமியும் இல்லை, நாளைக்குக் கண்காட்சிக்குப் போக வேண்டிய சிற்பம் என்று கத்தினேன். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தும் விட்டேன். நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள்.

"ஏம்மா, அந்தக் கியூபாக்காரரு படத்துல கொம்பு வெச்சிகினு நிக்கறது யாரு? அவங்க ஊரு சாமிதான? அத்தத் தொடச்சிட்டா மீதி இன்னா கீது? வெறுங்கரும்பு."

அன்று துணியைக் கீழே போட்டேன். மறுநாள் லாரி வந்தபோது கன்னியம்மா வழிமறித்தார். "பூசை போட்டவள லாரில ஏத்துவியா?" என்று கேட்டார். "சாமி ஊர்கோலம் போறதில்லையா? பத்து நாளு. நானே கொண்டாந்து உடறேன்" என்றீர்கள். அவர் யோசித்து, லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்படித்தான் அவள் அம்பத்தூரிலிருந்து கிளம்பினாள்.

கண்காட்சி நடத்தியவர் நல்லவர்தான், மரியாதையாகத்தான் பேசினார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. மேல இருக்கிறதை மட்டும் துடைச்சிடுங்க. பார்க்கிறவங்க கோயில் சிலைன்னு நினைச்சிடுவாங்க. இது சர்ரியலிசக் கண்காட்சி" என்றார். நீங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு, "அதுவும் அவதாங்க. எடுக்க முடியாது" என்றீர்கள். மதியத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று அவர் போய்விட்டார். நீங்கள் லாரிக்காரரோடு டீ குடிக்கப் போனீர்கள்.

சுவரில் உங்கள் பெயரை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் அந்தக் கரும்புக்காட்டுப் படம். பத்து நிமிஷம் உங்கள் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்கு மேல் அந்தத் தாளைக் கிழித்துவிடுவார்களே. குழாயில் கைக்குட்டையை நனைத்தேன். இரண்டே இழுப்பில் நெற்றி சுத்தமாகிவிட்டது.

எனக்கும் ஒரு கிளாஸ் டீ வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அவளைப் பார்த்தீர்கள். என் கையில் இருந்த சிவப்புக் கைக்குட்டையையும் பார்த்தீர்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசித் தீர்த்திருப்பேன்.

"அவ நெத்தி காலியா கீது, டிராயிங்கம்மா."

நான் அழுதுகொண்டே வாதாடினேன். உங்கள் பெயர் சுவரில் இருக்கிறது, இப்படி ஒரு சந்தர்ப்பம் இன்னொரு தடவை வராது, ஒரு பொட்டுக்காகவா என்றேன்.

"பேரு என்னுது. நெத்தி அவளுது. வா, ஊட்டுக்கு இட்டுகினு போலாம்."

டீயை என் கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றை எடுத்தீர்கள். உங்கள் பெயர் இருந்த தாளை நீங்களே உரித்து, மடித்து, அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். திரும்பும் வழி முழுக்க லாரியின் பின்னால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

பத்து நாள் என்று போனவள் பொழுது சாயுமுன் திரும்பிவிட்டாள். கன்னியம்மா முந்தானை முடிச்சிலிருந்து குங்குமம் எடுத்து அவள் நெற்றியில் வைத்தார். நான் போய், "நான்தான் துடைச்சேன்" என்றேன். "தெரியும்மா. அவன் தொடைக்க மாட்டான்" என்றார். அவ்வளவுதான். அதைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

அதன்பின் ஒன்பது ஆயுத பூஜை. ஒவ்வொரு வருஷமும் பழைய சந்தனத்தின் மேலேயே புதிய சந்தனம். நெற்றித் தகடு இப்போது மண் பூசிய சுவர் போலத் தடித்திருக்கிறது. நீங்கள் ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. நானும் பொட்டு வைக்க வரிசையில் நின்றதில்லை. தேங்காய் மூடியைப் பொறுக்குவது, பொரி பங்கு போடுவது என்று ஏதாவது வேலையில் ஒளிந்துகொள்வேன். ஆஸ்பத்திரியில் உங்கள் கண் மஞ்சளாகிக் கிடந்த அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தீர்கள். "அதுக்கு இன்னா இப்போ. அடுத்த தபா கேட்டா தொடைக்காத" என்றீர்கள். அடுத்த தடவை ஒன்று இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

போன மாதம் அதே சங்கத்திலிருந்து ஒரு இளம்பெண் ஷெட்டுக்கு வந்தாள். மறுபடியும் கியூபா கண்காட்சியாம். பழைய கோப்பில் நாம் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தாளாம். நடவுக்காரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், நான்கு கைகளையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மேல படிஞ்சிருக்கிறதை எங்க ஆளை விட்டுப் பக்குவமா எடுத்துடலாமா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். ஏன் என்றாள். உட்காரவைத்து, கரும்புக்காட்டிலிருந்து கைக்குட்டை வரை எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனாள். படிவம் மட்டும் தபாலில் வந்திருக்கிறது.

அதைத்தான் காலையில் நிரப்பிக்கொண்டிருந்தேன். சிற்பி என்ற இடத்தில் உங்கள் பெயர். பொருள் என்ற இடத்தில் "இரும்பு" என்று எழுதியபோதுதான் ஜன்னல் வழியே அந்த வாசனை வந்தது. இப்போது அதன் பக்கத்தில் சந்தனம், குங்குமம் என்றும் எழுதிவிட்டேன். கீழே, எதையும் துடைக்கக் கூடாது என்று எழுதி அடிக்கோடும் போட்டாகிவிட்டது. ஏற்றுக்கொண்டால் பத்து நாளும் பட்டாபிராமிலிருந்து முதல் ரயில் பிடித்துப் போய் நானே பொட்டு வைப்பேன். இல்லை என்றால் அதே லாரியில் திரும்பி வருவோம். இந்தத் தடவை பின்னால் அவளோடு நான் உட்கார்ந்துகொள்வேன்.

கிளம்ப வேண்டும். ஷெட்டில் கன்னியம்மா சந்தனம் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். இந்த வருஷம் முதல் பொட்டு என்னைத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறார். வலது கையால் வைப்பேன், அண்ணாத்தே. துடைத்ததும் அந்தக் கைதான்.