நாலரை மணி விளக்கு

அம்மா,

சுவிட்ச் பலகையின் மூடியைக் கழற்றியதும் சூடான பிளாஸ்டிக்கின் வாசனை வந்தது. வேலை முடிந்து வந்து நீ கொண்டையை அவிழ்க்கும்போது வருமே, அதே வாசனை. திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து இன்னொரு முறை முகர்ந்தேன். மெயினை அணைத்துவிட்டுத்தான் கழற்றினேன், நீ பயப்படாதே.

கூடத்து சுவிட்ச் சில மாதங்களாகச் சரியாக இல்லை. நீ ஒரகடத்து ஆலையிலிருந்து வாங்கி வந்த, தானாகவே விளக்கைப் போட்டு அணைக்கும் அதே சுவிட்சுதான். புது மாடல் வந்ததும் பழையதை வேலை செய்பவர்களுக்கே குறைந்த விலையில் கொடுத்தார்கள் என்று ஒரு பை நிறையக் கொண்டு வந்தாய். அப்பா பையைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மே? கைய இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா?" என்று கேலி செய்தார்.

"நாள் பூரா டெஸ்டிங்ல சுவிட்ச அமுக்கினே கீறேன். வூட்டுக்கு வந்தும் நானே அமுக்கணுமா? அதுவா எரியட்டும், அதுவா அணையட்டும்" என்றாய்.

அன்று மாலையே உன் போனில் நேரம் வைத்தாய். விடியற்காலை நாலரைக்குக் கூடத்து விளக்கு எரிய வேண்டும். முதல் ஷிப்ட் பஸ் ஐந்தரைக்கெல்லாம் மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். விளக்கு எரிந்தால் நீ உலை வைப்பாய், நான் புத்தகத்தைத் திறப்பேன், அப்பா பாதிக் கண்ணை மூடியபடியே பைக்கில் உன்னை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுவார். நம் வீட்டில் சூரியன் பென்னலூர் ஊருக்குக் கிழக்கே உதிக்கவில்லை, கூடத்துச் சுவரில்தான் உதித்தது.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். அந்த வாரத்திலேயே உன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் நாலரைக்கு விளக்கு எரிந்தது. அதற்கு நேரம் தெரியும், உனக்கு நடந்தது தெரியாது. அதன்பிறகு அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு நிரந்தரமாக இரவு ஷிப்டுக்குப் போய்விட்டார். நாலரைக்கு எரியும் விளக்கு எனக்கு மட்டும் என்று ஆயிற்று. நான் அதன் கீழே உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலும் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

கோடையில்தான் கோளாறு தொடங்கியது. விடியலில் எரிவதில்லை. நடுப்பகலில், அப்பா கூடத்தில் தூங்கும்போது எரியும். ஒரு நாள் பன்னிரண்டரைக்கு, இன்னொரு நாள் மூன்றுக்கு. பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் செல்வி அக்காவை உனக்குத் தெரியும், ஆலையில் உன்னோடு அதே அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவள், சங்கரன்கோவில்காரி. அவள் எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஒங்கம்மா உயிரோட இருக்கையில லைனையே நிறுத்துவா. இப்ப லைட்டப் போடமாட்டாளாக்கும்?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். பகலில் தூக்கம் கெட்டு, ஒரு நாள் வண்டியிலேயே கண்ணயர்ந்து, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் கொண்டுபோய் இடித்துவிட்டார். எதிரில் ஆள் யாரும் இல்லை. இன்னொரு தடவை நடந்தால் வண்டியைக் கொடுக்கமாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். "கயட்டிப் போட்டுட்டு சாதா சுவிட்ச மாட்டிக்கலாம்மா" என்றார் அப்பா. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். கழற்றினால் நீ வைத்த நேரம் போய்விடும். உன் போன் உன்னோடு ஆஸ்பத்திரிக்குப் போனது, திரும்பி வரவில்லை. அந்த நாலரை மணி இருப்பது அந்த சுவிட்சுக்குள் மட்டும்தான்.

டிவி கெட்டுப்போய் அப்பா அதன் தலையில் தட்டும்போதெல்லாம் நீ சொல்வாய்: "தட்டாதய்யா. அதுக்கு இன்னா தெரியும், இன்னா தெரியாதுன்னு மொதல்ல பாரு." நான் அதைத்தான் செய்தேன். சுவிட்சோடு வந்த விளக்கக் குறிப்பைப் பொடி எழுத்து வரை படித்தேன். மூடியைக் கழற்றி, கம்பிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. பிறகு கரண்ட் எப்போது போகிறது, விளக்கு எப்போது எரிகிறது என்று கவனித்தேன். எட்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தால், பன்னிரண்டரைக்கு எரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. கரண்ட் போனால் சுவிட்சுக்கு நேரம் மறந்துவிடும். வைஃபை வழியாகத்தான் அது நேரத்தைக் கேட்டுக்கொள்கிறது. கோடை மழையில் இடி விழுந்து பழைய வைஃபை பெட்டி எரிந்ததும், கேபிள்காரர் புதிய பெட்டி வைத்துவிட்டுப் போனார். புதிய பெட்டியின் பெயர் சுவிட்சுக்குத் தெரியாது. அதனால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்தையே நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நாலரை மணி நேரத்தை எண்ணியிருக்கிறது. பாவம், அது கெட்டுப்போகவே இல்லை.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும் என்று குறிப்பில் இருந்தது. அது எனக்கு வேண்டாம். செல்வி அக்காவிடம் கேட்டேன். "டெஸ்டிங்ல பெட்டி மாத்துனா நாங்க பழைய பேரையே வச்சிருவோம்லா. சுவிட்சு ஏமாந்துபோய் ஒட்டிக்கிடும்" என்றாள். எதிர் அறைப் பையன்கள் வைஃபையைத் திருடாமலிருக்க 'கைவெக்காத' என்று நீ வைத்த பெயர் எனக்கு மறக்குமா? புதிய பெட்டிக்கு அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொடுத்தேன். சுவிட்சில் சின்னப் பச்சைப் புள்ளி எரிந்தது. நான் கத்திவிட்டேன் அம்மா.

அன்று அப்பாவுக்கு வார விடுமுறை, இரவில் வீட்டில்தான் படுத்திருந்தார். சரியாக நாலரைக்கு விளக்கு எரிந்தது. பூரிப்போடு எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆணியிலிருந்து சாவியை எடுத்தார், வெளியே போனார், பைக்கை உதைத்துக் கிளப்பினார். பின்சீட்டைக் கையால் ஒரு முறை துடைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி காத்திருந்தார்.

நான் வாசலுக்குப் போனதும் திரும்பினார். வண்டியை அணைத்தார்.

"லைட் எரிஞ்சா காலு தானா வந்துடுதும்மா" என்றார். "மத்தியானமும் இப்டித்தான். வெயில்ல வந்து குந்திகினு கெடப்பேன். யாரும் வரலன்னதும்தான் தெரியும்."

ஆக, அவரை எழுப்பியது தப்பான நேரம் இல்லை. சரியான நேரத்தில் எரிந்தாலும் அவருக்கு அதேதான்.

உள்ளே வந்து பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தியதும் விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கியது. அப்போதே விட்டிருந்தால் ஒன்றும் அழிந்திருக்காது. விடவில்லை. சிமிட்டல் நின்று கூடம் இருண்டதும், பின்னால் வந்து நின்ற அப்பா, "சரியாச்சாம்மா?" என்று கேட்டார்.

"சரியாச்சுப்பா."

இப்போது அவர் பகலில் நன்றாகத் தூங்குகிறார். நான் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தால்கூட விழிப்பதில்லை. எனக்குத்தான் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. யாரும் எழுப்புவதில்லை, எதுவும் எரிவதில்லை. கரண்ட் போனாலும் வந்தாலும் அந்த நேரம் தவறுவதில்லை. இருட்டில் எழுந்து உட்கார்ந்து, மெயின் ரோட்டில் முதல் ஷிப்ட் பஸ்கள் ஒவ்வொன்றாக நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்கிறேன். கடைசி பஸ்ஸும் போன பிறகு உலை வைக்கிறேன்.