கிளட்ச் இல்லாமல் ராயபுரம் வரை

2001, வெள்ளி இரவு.

ஒரு வாரமாகவே கிளட்ச் பெடல் கனத்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளியது என் தப்புதான். திருவொற்றியூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, டோல்கேட் தாண்டியதும் கேபிள் அறுந்தது. பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. வண்டி இரண்டாவது கியரில் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தினால் வண்டி மறுபடி கிளம்பாது; என் மனைவி ஸ்டெல்லாவை எழுப்பி ஆட்டோவில் ஏற்ற வேண்டும். ஏழு மாத வயிற்றோடு நாலு நாளாகத் தூங்காதவள், பின்சீட்டில் அப்போதுதான் கண் அசந்திருந்தாள்.

அதனால் நிற்காமலே வந்தேன். சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் தூரத்திலிருந்தே ஊர்ந்தேன். பச்சை விழுந்து வழி கிடைத்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, எஞ்சின் சத்தம் தணியும்வரை கேட்டுக்கொண்டே கியரை விரலால் தொட்டேன். மூன்றாவது தானாகவே வழுக்கி விழுந்தது. டேங்கர் லாரிகளுக்கு நடுவே வண்டி மிதந்தது. கடல் காற்று உள்ளே வந்து போனது. நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

வாசலில் கண்விழித்தாள்.

"இன்னாய்யா, வூடு வந்துட்ச்சா? கியர் போட்டதே தெர்ல. டெய்லி இப்டி ஓட்டுனா இன்னா?"

கேபிள் அறுந்ததை அவளிடம் சொல்லவில்லை. காலையில் மெக்கானிக் புதுசு போட்டுவிடுவார். அப்புறம் அப்படி எப்படி ஓட்டுவேன் என்றுதான் தெரியவில்லை.