கந்தர்வனின் ஆறாவது விரல்

பாகூர். ஆவணி, வியாழன் இரவு.

எழுத்தில் மூவுலகையும் படைக்கும் பிரம்மாவாகிய நான் இன்று அண்ணியிடம் மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் மகள் வசந்தி தன் காதலை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அதிலிருந்து பிறந்ததுதான் போனில் நான் வாராவாரம் எழுதிப் போடும் மாயக் காதல் நாவல். அவள் காதலிக்கும் பூரணாங்குப்பத்துப் பையனைக் கந்தர்வனாக்கினேன். நீல உடம்பு, பனைமர உயரத்துக்குச் சிறகு, ஏழு தலைக் குதிரை எல்லாம் கொடுத்தேன். இனி பெற்றவளுக்கே அவனை அடையாளம் தெரியாது என்று மார்தட்டிக்கொண்டேன். அவன் இடது கையின் ஆறாவது விரலை மட்டும் மாற்றாமல் விட்டுவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன் என்று வசந்தி சொன்னதைவிட அழகாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அண்ணி இன்று படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா தம்பி, நம்ம கழனிக்கு டிராக்டர் ஓட்ட வருவானே ஆறு வெரலு புள்ள, அவந்தான உன் கந்தர்வன்? அப்ப இளவரசி யாரு?"

நான் ஒரு பொய்யைத் தேடுவதற்குள் வசந்தி அழுதுவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"உன்ன நம்பித்தான சொன்னேன் சித்தப்பா" என்றாள்.

ஒரே வரியில் கடலை வற்ற வைப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொன்னார் அண்ணன்; தேய்த்து வைத்துவிட்டேன்.