தலை மட்டும்தான் அவரு

அக்கா,

திண்டிவனத்தில் பேனர் அடிக்கும் கடையில் நிற்கிறேன். மெஷினிலிருந்து யாருடைய கல்யாணத்துக்கோ புது ஃப்ளெக்ஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. மையும் பிளாஸ்டிக்கும் கலந்த இந்த வாடை உனக்கு ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணன், நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "ஏர்ஃபோர்ஸ்தானேம்மா? பின்னாடி ஜெட்டு வச்சுடட்டுமா? புகை வுட்டுக்கினு போற மாதிரி ஒண்ணு கீது, சூப்பரா இருக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

உன் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி ஒரு ஜெட்தான் வைத்தார்கள். அவரும் என் அண்ணனும் ஒன்றாக விமானப்படையில் சேர்ந்தவர்கள். அவருக்குச் சக்கர வேலை. விமானம் தரை இறங்கியதும் அடியில் குனிந்து டயரும் பிரேக்கும் பார்ப்பவர். ஆனால் ஒலக்கூர் பக்கத்தில் உங்கள் ஊருக்கு அவர் பைலட்டு. வானத்தில் எது பறந்தாலும், மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை எடுக்கும் பெண்கள் உன்னைக் கூப்பிடுவார்கள். "ஏய், உன் வூட்டுக்காரு போறாரு பாரு, வரும்போது கத்திரிக்கா வாங்கியாரச் சொல்லு!" நீயும் களை வெட்டிக்கொண்டிருந்த களைக்கொட்டைத் தூக்கி ஆட்டி, "ஜல்தியா வந்து சேரு, கொழம்பு கொதிச்சிக்கினு கீது" என்று மேலே பார்த்துக் கத்துவாய்.

வடக்கே வேலை பார்த்த இடத்தில் மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் இறந்தார். லீவில் வந்தபோது அவர் ஆரம்பித்த வீடு, சுவர் மட்டும் எழும்பி, மேலே ஒன்றும் இல்லாமல் நின்றது. பென்ஷன் வந்தது, அது அரிசிக்கும் உன் மகள் பாப்பாவின் படிப்புக்கும் சரியாகப் போனது. அடுத்த மழைக்குள் தளம் போட்டுவிட வேண்டும். உனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அதற்காகத்தான் நானும், ஓய்வு பெற்று ஊர் திரும்பிய விமானப்படைக்காரர்கள் சிலரும் உண்டியல் எடுத்தோம்.

கடைத்தெருவில் நீயும் எங்களோடு நடந்தாய். "எந்த ஊருக்காரரு?" என்று கேட்பார்கள். "ஒலக்கூர் பக்கங்க." "அதுல எந்தத் தெரு?" உண்டியல் பக்கம் கை வருவதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். செத்தவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று தெரியாமல் சிலருக்குச் சட்டைப்பைக்குள் கை போகாது. ஒரு கடையில் நான் சண்டைக்கே போய்விட்டேன். "பிளேன் எறங்கும்போது சக்கரம் எந்தத் தெருனு கேக்குமாங்க?" என்றேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "வுடுடி. தெருவைக் கேக்குறவன் குடுக்கப்போறதில்ல. வெயில்ல நின்னு எதுக்கு அவங்கூட வாய வளக்குற?" அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

அப்போதுதான் கல்யாண மண்டபம் வைத்திருந்த பெரியவர் வந்தார். படைவீரர் கொடிநாளை ஒட்டி விழா வைக்கலாம், மண்டபமும் பேனரும் தன் பொறுப்பு என்றார். அதனால் பேனரின் அடியில் வரிசையாக அவர் முகம், அவர் தம்பி முகம், மைத்துனர் முகம். நடுவில் போர் விமானம். அதன் முன்னால் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கியபடி எவனோ ஒரு பைலட். அந்த உடம்பின் மேல், உங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டிய உன் வீட்டுக்காரர் தலை. கழுத்தோரம் மாலையின் பூ ஒன்று ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. மேலே பெரிய எழுத்தில் வீரமரணம்.

இந்தப் பக்கத்தில் அது வழக்கம். காதுகுத்துக்குக் குழந்தையைப் புலி மேல் உட்காரவைத்துப் பேனர் அடிப்பார்கள்; யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. "அப்படிப் போட்டாதாம்மா பாக்ஸ்ல நெறைய வுழும்" என்றார் பெரியவர். அவர் சொன்னது உண்மைதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

மண்டபம் நிறைந்திருந்தது. பெரியவர் மனைவி உனக்குச் சால்வை போர்த்தினார். "ரெண்டு வார்த்த பேசும்மா" என்று மைக்கை நீட்டினார்கள். அழுவாய் என்று எதிர்பார்த்தார்கள். நீ திரும்பிப் பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"இதுல கீற ஒடம்பு எங்க வூட்டுக்காரு இல்லீங்க. தலை மட்டும்தான் அவரு."

சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு, அடுப்படியில் பேசுகிற அதே குரலில் சொன்னாய்: "அவரு பிளேன் ஓட்டலீங்க. சக்கரம் பாத்தாரு. சண்டையில சாவல. காமாலை வந்து செத்தாரு. எங்க வூட்டுக்கு மேல தளம் இல்ல. அதுக்குக் குடுக்குறதா இருந்தா குடுங்க. இல்லன்னா காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, யாரும் ஒண்ணும் நெனைக்கமாட்டோம்."

பல பேர் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். உண்டியலை ஆட்டிப் பார்த்த பெரியவர், "பேஜாரு பண்ணிட்டியேம்மா" என்று தலையில் கை வைத்தார். எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. ஒலக்கூர் பஸ்ஸில் கேட்டேன்: "கொல்லையில பிளேனுக்குக் கை ஆட்டுனியே, அப்ப மட்டும் அவரு பைலட்டா?" மடியில் சுருட்டி வைத்திருந்த பேனரைத் தட்டியபடி சொன்னாய்: "அது வெளையாட்டுடி. இது கை நீட்டி வாங்குறது. சக்கரம் பாத்தவரு சக்கரம் பாத்தவராவே போவட்டும்."

அந்தப் பேனரை நீ வீணாக்கவில்லை. பங்குனியில் மல்லாட்டை பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்தபோது, காலமில்லாத காலத்தில் மழை வந்தது. அதை எடுத்து மூடினாய். காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் செங்கல் வைத்தாய். பெரியவர் முகத்தின் மேல் ஒன்று, மைத்துனர் முகத்தின் மேல் ஒன்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் வீட்டுக்காரர் தலை இருந்த இடத்தை மட்டும் உள்பக்கமாக மடித்து விட்டாய். "அவரு நனைய வேணாம்" என்றாய். அதற்குமேல் நான் சிரிக்கவில்லை.

தளம் கடைசிவரை வரவில்லை. சிமெண்ட் ஷீட்தான் வந்தது. அதுவும் திண்டிவனம் பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் கொண்டுவந்தது. ஒரு நாள் தன் டெம்போவில் ஷீட்டை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "மண்டபத்துல நீங்க பேசனதக் கேட்டங்க்கா. அவரும் நம்ம தொழில்தான்னு தெரியாமப் போச்சு" என்றார். லீவில் வந்த என் அண்ணனும் அவரும் சேர்ந்து ஏற்றினார்கள். மழைக்கு ஒழுகாது, வெயிலுக்கு வேகும். உண்மையைச் சொன்னதால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதமாட்டேன். நீ இருந்தவரை சித்திரை முழுக்க அந்த ஷீட்டின் கீழே வெந்தாய்.

பிறகு வயிற்று வலி என்று, விழுப்புரத்தில் நான் வேலை செய்யும் ஸ்கேன் சென்டருக்கு வந்தாய். ரிப்போர்ட் கையில் இருக்க, நான் டாக்டர் சொல்லுவார் என்று இழுத்தேன். நீ என் முகத்தைப் பார்த்து, "எனக்கும் வேற ஒடம்ப ஒட்டி அனுப்பாத. உள்ளத சொல்லுடி" என்றாய். சொன்னேன். "சரி, பாப்பாவ மொதல்ல ஹாஸ்டல்ல சேத்துடணும்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டாய். போன ஆடியில் நீயும் போய்விட்டாய். பாப்பா ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன்.

இந்தக் கொடிநாளுக்குப் பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு குடும்பம். விமானப்படை மெஸ்ஸில் சமையல்காரர். லீவில் வந்தவர் பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய், படுத்த படுக்கையாக இருக்கிறார். மனைவி தனியாகப் புரட்டிப்போடுகிறாள். ஓர் ஆள் வைத்துக்கொள்ளப் பணம் வேண்டும். சமையல்காரர், பைக் விபத்து என்று போட்டால் குறைவாகத்தான் விழும். எனக்குத் தெரியும், ஒரு தடவை பார்த்துவிட்டேன். உன் வீட்டு விஷயத்தை நீ முடிவு செய்தாய். இதை நான் முடிவு செய்யக் கூடாது என்று கடையிலிருந்தே அந்த மனைவிக்குப் போன் போட்டு, ஜெட் வைத்தால் நிறைய விழும், உள்ளதைப் போட்டால் குறையும் என்று இரண்டையும் சொன்னேன்.

"ஐய, ஜெட்டெல்லாம் வேணாங்க்கா" என்றாள். "படுத்துக்கினு கீற மனுசன் அதப் பாத்தா, யாருடி இதுனு என்னையே கேப்பாரு. அண்டா பக்கத்துல நிக்கிற போட்டோ அனுப்புறேன், அதப் போடுங்க."

போட்டோ வந்தது. ஆள் உயர அண்டா, கையில் கரண்டி, முகமெல்லாம் வேர்வை. கடைக்கார அண்ணன் பெரிதாக்கிப் பார்த்து, "நல்ல போட்டோதான். சென்டர்ல வச்சுடறேன்" என்றார்.

"ஓரமா வைங்கண்ணா. நாலு மூலையிலயும் ரிங் அடிச்சுடுங்க, கயிறு கட்டணும். அவங்களும் மல்லாட்டை போட்டுக்கினு கீறாங்க."

"அது சரி. மெயின் போட்டோவ யாராச்சும் ஓரத்துல வைப்பாங்களா?"

"வைங்கண்ணா" என்றேன். "மழை வந்தா மடிச்சி வுடத் தோதா இருக்கும்."