தொண்ணூற்றெட்டு யென் படையல்

செப்டம்பர் 2

மழை. ஒரு விதத்தில் நல்லதுதான். கடையில் ஆள் இல்லாததற்கு இன்று மழையைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். நேற்று என்ன காரணம் சொன்னேன்? நினைவில்லை.

எதிரே அந்தப் பெரிய கடை வந்ததிலிருந்து இந்தக் கடைத்தெருவுக்கே மூச்சு வாங்குகிறது. காய், மீன், சோப்பு என்று எல்லாம் அங்கே கிடைக்கும். அது போகட்டும். போன வாரத்திலிருந்து ஒஹாகியும் விற்கிறார்கள். அரிசி உருண்டை, மேலே சிவப்புப் பயறு விழுது. எங்கள் பிழைப்பே அதுதான். நாங்கள் 120 யென்னுக்குக் கொடுப்பதை அவர்கள் 98 என்று எழுதி வாசலில் அடுக்கிவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் மிசோ சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஹிகான் வரைக்கும் பாக்கலாம். அதுலயும் தேறலைன்னா ஷட்டரை இறக்கிடலாம். சக்காய்ல அண்ணன் வரச் சொல்லிட்டே இருக்கான்."

பக்கத்து ஊர்ச் சக்காயில், அண்ணனுடைய பட்டறையில் சைக்கிள் பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. முப்பது வருடம் பயறு கிளறிய கை. கிண்ணங்களை எடுத்துக் கழுவப் போனேன். அங்கேயே இருந்திருந்தால் அழுதிருப்பேன், அவருக்கும் சோறு இறங்கியிருக்காது.

ஹிகான் இருபதாம் தேதி தொடங்குகிறது. அந்த ஒரு வாரத்தில் ஊரே கல்லறைக்குப் போகும், வீட்டில் இறந்தவர்களுக்கு ஒஹாகி படைக்கும். அப்போதும் விற்காவிட்டால் எப்போது விற்கப்போகிறது?

செப்டம்பர் 5

செவ்வாய்க்கிழமை. எதிர்க்கடையின் விலைத்தாள் செய்தித்தாளோடு வந்து விழுந்தது. 98, 198, 398. ஒரு பக்கம் முழுக்க எட்டுகள். நூறு என்று எங்குமே இல்லை. இரண்டு யென்னை விட்டுக்கொடுத்துவிட்டு வள்ளல் மாதிரி நிற்கிறார்கள். பக்கத்தில் வரியோடு 105 என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? நானே படிப்பதில்லை.

எனக்கு மட்டும் தெரியாதா என்ன? நூற்றைப் பார்த்தால் மனசு நூறு என்கிறது. தொண்ணூற்றெட்டைப் பார்த்தால் "தொண்ணூறு சொச்சம்" என்கிறது. கண் முதல் இலக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது.

இதில் எங்கள் ஓசாகாக்காரர்களுக்குத் தனிக் கிறுக்கு உண்டு. வேறு ஊரில் விலை உயர்ந்ததை வாங்கினால் பெருமை, இங்கே மலிவாக வாங்கினால்தான் பெருமை. இன்றைக்கும் ஹமாகுச்சி அம்மா ஒரு முள்ளங்கியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். பின்தெருவில் தனியாக இருக்கிறாள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து எங்களிடம்தான் வாங்குகிறாள்.

"ஏம்மா மிசாவோ, இது எவ்வளவுன்னு நினைக்கிற?"

"நூத்தம்பது?"

"தொண்ணூத்தெட்டு!" முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

சரி, இவர்களுக்கு வேண்டியது இதுதானே? மத்தியானமே மஞ்சள் ஒட்டுத்தாள் வாங்கி, 98 என்று அச்சடித்து, எல்லாப் பெட்டியிலும் ஒட்டிவிட்டேன். அவர் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 7

இன்று கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

செப்டம்பர் 9

எதிர்க்கடை 88 ஆக்கிவிட்டது!

நானும் 88 போட்டேன். மறுபடி அச்சடித்து ஒட்டினேன். "இந்த விலைக்கு இந்தப் பயறு கட்டாது" என்றார். என்ன செய்வது என்று கேட்டேன். கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். சாயங்காலம் மூட்டையைப் பார்த்தேன், வெளிநாட்டுப் பயறு. ஏன் மாற்றினார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அதே கேள்வியை அவர் என்னிடம் திருப்பினால்? விலையைக் குறைத்தது நான்தானே.

விழுது ருசித்துப் பார்த்தேன். இனிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 11

ஒரு விநோதம். வாசலில் குடை செருகும் தொட்டியைக் கழுவப்போனால், அதன் ஓரம் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள். 98, 98, 88, 98. யாரோ பெட்டியிலிருந்து உரித்து அங்கே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலையாகத்தான் இருக்கும். கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பதற்குள் நகம் போய்விட்டது. மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

செப்டம்பர் 12

இன்றும் ஒட்டுத்தாள். இன்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை.

செப்டம்பர் 14

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ரயில் நிலையத்து வாசலில் ஹமாகுச்சி அம்மாவைப் பார்த்தேன். கையில், நகர நடுவில் நம்பாவில் இருக்கும் விலை உயர்ந்த அங்காடியின் காகிதப் பை. என்னைக் கண்டதும் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். எழுபத்தைந்து வயதுக் கிழவி, திருடித் தின்ற குழந்தை மாதிரி!

"என்ன அது?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒஹாகிதானே? பெட்டியப் பாத்தாலே தெரியுது."

"...ஆமா. இன்னிக்கு அவரோட நினைவு நாள்."

"என் கடையில எண்பத்தெட்டு. அங்க எவ்வளவு?"

"இருநூத்திப் பதினாறு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "முள்ளங்கில நாலு யென் மிச்சம் பண்ண நாலு தெரு நடக்கிற ஆளு நீங்க! ரயில் காசு வேற குடுத்து அங்க போய் வாங்கினீங்களா? எங்க பண்டத்துல என்ன குறை? வாயத் திறந்து சொல்லுங்க!"

அவளும் விடவில்லை. சைக்கிள் நிறுத்துமிடம் என்றுகூடப் பார்க்காமல் கத்தினாள். "குறை பண்டத்துல இல்லடீ! அந்த மனுஷனுக்கு உயிரோட இருந்த வரைக்கும் தள்ளுபடி டோஃபுதான் போட்டேன். செத்த பிறகும் தள்ளுபடியா? படம் முன்னாடி வைக்கிறேன், அந்த மஞ்சத் தாளு பல்லக் காட்டுது. உரிச்சுப் போட்டா பசை ஒட்டிக்குது. நாத்தனார் வந்தா முதல்ல பெட்டியத்தான் பாப்பா. அவகிட்ட 'இது எவ்வளவுன்னு நினைக்கிற?'ன்னா கேக்க முடியும்?"

குடைத் தொட்டியில் ஒட்டியது இவள்! இவள் மட்டுமா?

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை. வழியில் போனவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

செப்டம்பர் 15

மடச்சி. நான்தான் மடச்சி.

98 என்பது வெறும் விலை இல்லை. "இது மலிவு" என்று சத்தம் போடும் குரல் அது. ராத்திரிக் குழம்புக்கு வாங்கும் டோஃபு அப்படிச் சத்தம் போட்டால் சந்தோஷம், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும். செத்துப்போன புருஷன் முன்னால் அது சத்தம் போட்டால்? அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டி சத்தம் போட்டால்? முப்பது வருடம் இதே தெருவில் விற்கிறேன். பண்டம் யார் வாய்க்குப் போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16

காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"என்னங்க, ஒஹாகி இனிமே இருநூறு. வரியெல்லாம் சேத்து இருநூறு. அஞ்சு வச்ச பெட்டி ஆயிரம். ஒரே நோட்டு, சில்லறையே கிடையாது. பெட்டியில விலை ஒட்ட மாட்டேன். வெள்ளத் தாள்ல சுத்தி ஊதாக் கயிறு கட்டுவேன்."

அரிசி கழுவிக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமலே கேட்டார்: "காய்ச்சலா?"

"எதிர்ல எண்பத்தெட்டு. நாம இருநூறு. தெரிஞ்சுதான் சொல்றேன்."

"நூத்தித் தொண்ணூத்தெட்டுன்னாவது போடேன்."

"ரெண்டு யென்னுக்காக இளிக்கிற மாதிரி இருக்கும். வேணாம்."

அரிசியை இன்னொரு தடவை கழுவினார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே ஒன்று கேட்டார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

"அப்போ... தம்பாப் பயறு வாங்கலாமா?"

தம்பா மலைப்பக்கத்துப் பெரும்பயறு. அவருடைய அப்பா காலத்திலிருந்து வாங்கியது. விலை கட்டாமல், எனக்கும் சொல்லாமல் விட்டுவிட்டு, இத்தனை நாள் அவர் எதைக் கிளறிக்கொண்டிருந்தார்? "வாங்குங்க" என்றேன். கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் தொலைபேசிக்கு ஓடினார்.

குச்சியில் செருகி விற்கும் அரிசிமாவு உருண்டையான தாங்கோ மட்டும் பழையபடி 98தான். அதை யாரும் படைப்பதில்லை. நடந்துகொண்டே தின்பது. அது எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடட்டும்.

செப்டம்பர் 18

தாங்கோ விற்றது. இருநூறு யென் ஒஹாகியில் ஒன்றுகூடப் போகவில்லை. ஒன்றுகூட.

மீந்ததை நாங்களே தின்றோம். தம்பாப் பயறு தொண்டையில் இறங்கும்போது பழைய நாள் ருசி. அழுதுகொண்டே மூன்று தின்றேன். அவர் எழுந்து போய்ச் சக்காய்க்குப் பேசினார். கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

என்ன காரியம் செய்துவிட்டேன்? அதிலும் கடன் சொல்லி வாங்கிய பயறு.

செப்டம்பர் 20

ஹிகான் முதல் நாள். கடை திறந்ததும் கறுப்பு உடையில் ஒரு பெண் வந்தாள். இதுவரை பார்த்ததில்லை. பெட்டியை எடுத்து முன்பக்கம் பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விலை ஒட்டலையா?"

"ஒட்டலைங்க. பெட்டி ஆயிரம்."

"நல்லதாப் போச்சு. மாமியார் வீட்டுக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்கு ஒண்ணு." இரண்டு நோட்டை நீட்டினாள். "நடைபாதைல நின்னு நகத்தால சுரண்டுற வேலை மிச்சம்."

அவள் போனதும் உள்ளே ஓடி அவர் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டேன். "பயறு தெறிக்குதுடீ!" என்று கத்தினார்.

அப்புறம் பல் மருத்துவர் வீட்டம்மா வந்தாள். கோயில் பக்கத்துப் பூக்கடைக்காரி வந்தாள். ஐந்து மணிக்குள் தட்டு காலி.

செப்டம்பர் 23

நடு ஹிகான். கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. இருந்தாலும் எழுதியே தீருவேன்!

வரிசை! எங்கள் கடைக்கு வரிசை! பதினொரு மணிக்கு ஊறுகாய்க் கடையைத் தாண்டியது. எதிர்க்கடைக்குப் போக வேண்டியவர்கள் எங்கள் வரிசைக்கு நடுவில் புகுந்துதான் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் "இது எதுக்கு வரிசை?" என்று கேட்டு, கேட்ட இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

வரிசையில் ஹமாகுச்சி அம்மாவும் இருந்தாள். அவள் முறை வந்தது. சன்னக் குரலில் பேசினால் என்ன? தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ஏம்மா, இது ரெண்டு வாரம் முன்னாடி தொண்ணூத்தெட்டுதானே?"

எனக்கு உயிர் போய் வந்தது. பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அடுத்து நின்றவர் நீட்டிய நோட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

உள்ளே இருந்து அவர் வந்தார். வாடிக்கையாளர் முன்னால் வருகிற ஆளே இல்லை. முழங்கை வரை விழுது. "ஆமாம்மா. அப்போ மட்டமான பயறு. நான்தான் போட்டேன், மன்னிக்கணும். இது தம்பாப் பயறு. தின்னு பாத்துச் சொல்லுங்க" என்று உள்ளங்கையில் ஓர் உருண்டையை நீட்டினார்.

கிழவி வாங்கி, நின்ற இடத்திலேயே கடித்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். எனக்கு அவளைக் கொல்லலாம் போல இருந்தது.

"உங்க அப்பா பண்ணினது மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு வரிசைப் பக்கம் திரும்பி, "என்ன பாக்கறீங்க? தொண்ணூத்தெட்டுக்கு வித்தப்போ அவர் படம் முன்னாடி வைக்கவே எனக்குக் கூச்சமா இருந்துது. ரெண்டு பெட்டி குடும்மா!" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆள், ஒரு பெட்டி வாங்க வந்தவர், மூன்று வாங்கினார்.

ஒரு மணிக்கு வேகவைத்திருந்த அரிசி தீர்ந்தது. அவர் மறுபடி வேகவைத்தார். நாலு மணிக்குப் பயறும் தீர்ந்தது. இல்லை என்று கைகூப்பிக் கும்பிட்டுக் கதவைச் சாத்தினேன். முப்பது வருடத்தில் பகல் வெளிச்சத்தில் பண்டம் தீர்ந்து கதவு சாத்தியது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வேண்டுமென்றே எதிர்க்கடைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒஹாகி மேடு போட்டுக் கிடந்தது. 88ஐ அடித்து, அதன் மேல் சிவப்பில் "பாதி விலை" ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயோ பாவம் என்று நினைக்க முயன்றேன். முடியவில்லை. சந்தோஷமாக இருந்தது! குதிக்க வேண்டும் போல இருந்தது. 98 யென்னுக்கு டோஃபு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல மலிவு.

செப்டம்பர் 26

ஹிகான் முடிந்தது. ஏழு மணிக்கே அவர் மேலங்கியோடு தூங்கிவிட்டார். பயறுக்காரருக்குப் பணம் கட்டியாயிற்று. சக்காய் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

அக்டோபர் 3

கூட்டம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. பிறந்த நாள், நோயாளியைப் பார்க்கப் போவது, பழைய வாத்தியார் வீடு என்று வெள்ளைப் பெட்டி போய்க்கொண்டே இருக்கிறது.

இன்று சக்காய் அண்ணன் தொலைபேசினார். நான் எடுத்து இவரிடம் கொடுத்துவிட்டு, பாத்திரம் தேய்ப்பதாகப் பாவனை செய்தேன். "ம்... ம்... இல்ல அண்ணே" என்றார். வேறொன்றும் புரியவில்லை. எதற்கு "இல்ல"? இந்த மனுஷன் வாயில் முழு வாக்கியம் வராதா?

அக்டோபர் 10

வங்கிக்குப் போய்த் திரும்பினேன். கடைக் கண்ணாடியில் ஒரு புதுத் தாள். அவருடைய தூரிகை எழுத்து, மை இன்னும் காயவில்லை.

உதவிக்கு ஆள் தேவை. காலை வேலை. மணிக்கு 1200 யென்.

தெருவில் நின்றே இரண்டு முறை படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். என் வாய் சும்மா இருக்குமா?

"ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தெட்டுன்னு போட்டிருக்கலாமே? ரெண்டு யென் மிச்சம்."

அவர் பயறைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அப்படிப் போட்டா நீயே வேலைக்கு வர மாட்டியேடீ" என்றார்.