ஞாயிறு காலை அரை மணி நேரம்

நேற்று உன் மகள் சேக்காட்டிலிருந்து காட்டுப்பாக்கம் வரைக்கும் வந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தாள். "அம்மா பீரோல இருந்துச்சு ஆன்ட்டி" என்றாள். திறந்தால், நம் எலும்பு மாத்திரை, அட்டை அட்டையாக. மொத்தத்தில் ஒரே ஒரு மாத்திரைதான் எடுத்திருந்தது. இரண்டு வருடம் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய்.

முடக்குவாதம் நமக்குத் தனித்தனியாக வந்தது. சிநேகம் மூட்டு டாக்டரின் வராந்தாவில் வந்தது. மூட்டு வீக்கம் எலும்பையும் அரிக்கும், வருஷக்கணக்காகத் தின்கிற ஸ்டீராய்டும் அதோடு சேர்ந்துகொள்ளும் என்று சொல்லி இருவருக்கும் ஒரே நாளில் அந்த மாத்திரையை எழுதினார். வாரம் ஒன்று, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. "காபி இல்லாம அரை மணியா? என்னால ஆகாது" என்று நான் முனகினேன். "நானும் நிக்கிறேன்டி, போன்ல பேசிக்கினே நிப்போம்" என்றாய்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு உன் போன்.

"இன்னாடி, முழுங்கிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"முழுங்கிட்டேன், முழுங்கிட்டேன்."

அப்புறம் ஊர் வம்பு, உன் வீட்டு மிக்ஸி ரிப்பேர், என் மருமகள். நான் சமையல் மேடையில் சாய்ந்து நிற்பேன். நீயும் நின்றுகொண்டுதான் இருந்தாயாம், உன் மகள் சொல்கிறாள். மாத்திரை போடாதவள் எதற்கடி நின்றாய்?

உன் வீட்டு வாசற்படியில் கால் இடறியது. வேறொருத்திக்கு முட்டி சிராய்த்திருக்கும். உனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, இருபது நாளில் போய்விட்டாய். நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். "வாரம் தவறாம போட்டவளுக்கே உடைஞ்சுதே, அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை?" அவர் வாய் திறக்கும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். அதோடு நானும் நிறுத்திவிட்டேன். உன் பொய்யை நம்பி ஐந்து மாதமாக என் எலும்பை அரிக்க விட்டிருக்கிறேன்.

ஏன் என்று உன் மகளைக் கேட்டேன். "மொத தபா போட்டதுமே அம்மாவுக்கு நெஞ்சு எரிச்சல் ஆன்ட்டி. உங்ககிட்ட சொன்னா நீங்களும் பயந்துகினு வுட்டுடுவீங்கன்னு சொல்லல."

பெரிய தியாகி! மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசி இருக்கிறதாமே. நேற்று சாயங்காலம் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு வார்த்தை, அதைச் சொல்ல உனக்கு மனசு வரவில்லை. என்னை அவ்வளவு கோழை என்றா நினைத்தாய்? எனக்கு ஆறவே இல்லை.

இன்று ஞாயிறு. டாக்டர் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, மேடையில் சாய்ந்து, வழக்கம்போல் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரமும் உன்னைத் திட்டுவதிலேயே போனது. முதல் வார்த்தை மட்டும் வேறு.

"முழுங்கிட்டேன்டி. நான் நிஜமாவே முழுங்கிட்டேன்."